ஞாயிற்றுக்கிழமைப் பத்து நிமிடங்கள்

மொன்றியல் கராஜ் ஒன்றில், படுக்கையும் அடுப்பும் உள்ள எங்கள் பழைய மோட்டர்ஹோம் வண்டியின் அடியிலிருந்து மெக்கானிக் அண்ணை வெளியே வருகிறார்.

“சைலன்சர் உள்ளால துருப்பிடிச்சு உக்கிப்போச்சு. ஓடாமல் சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி நிப்பாட்டினது ஆர்?”

“அப்பா. ஞாயிறுகளில பத்து நிமிசம்.”

“அதுதான் குழாய் சூடேறாமல் புகையில வாற தண்ணி உள்ளயே தேங்கியிருக்கு. மனுசன் கவனமாப் பாத்தே கெடுத்துப்போட்டார்!”

சிரிப்பு வருகிறது. ரொறன்ரோவில் அந்தப் பத்து நிமிடமும், வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் பின்னால் ஏறி நாங்கள் தேத்தண்ணீர் குடிப்போம். “இப்ப எங்க நிக்கிறம்?” என்பார் அம்மா. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஏதாவது கடலோர ஊரைச் சொல்வார். நிஜமாகப் போக அவருக்கு லீவு கிடைத்ததேயில்லை. இப்போது வண்டியைக் கடல்வரை நான் கொண்டுபோகிறேன்.

தொலைபேசியில் அப்பா பதறுகிறார்: “என்னவாம்? நான் ஏதும் பிழை விட்டனானோ?”

“இல்லையப்பா. நல்லாப் பாத்திருக்கிறியளாம்.”

அண்ணை என்னை முறைக்கிறார். பிறகு தொலைபேசிப் பக்கம் குனிந்து கத்துகிறார்: “ஓம் ஐயா, எஞ்சின் புதுசு மாதிரி!”