ஒரு வார்த்தை சொல்லி வைப்பது

இந்த ஊரில் "வேண்டாம்" என்று சொல்வதற்கு முன்னால் நன்றி சொல்கிறார்கள். என் மகள் கயலுக்கு வந்த பதில்கள் எல்லாமே அப்படித்தான் தொடங்கின. எங்கள் நிறுவனத்தின் மேல் நீங்கள் காட்டிய ஆர்வத்துக்கு மிக்க நன்றி, உங்கள் விவரங்களைக் கோப்பில் வைத்திருப்போம். முதல் தடவை அவள் அதை வாசித்துக் காட்டியபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஃபைல்ல வெச்சிருக்காங்களே, அப்புறம் என்னடி?" என்றேன். கயல் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அம்மா, அப்படின்னா நோ. கண்டிப்பா நோ." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் திருச்சியில் ஒருவரைத் திருப்பி அனுப்புவதென்றால் "பார்க்கலாம்" என்பார்கள். அதில் கொஞ்சம் ஈரம் இருக்கும். மறுவாரம் போய் அதே வாசலில் நின்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இங்கே நன்றி சொல்லிவிட்டால் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று அர்த்தமாம்.

சிங்கப்பூரில் சட்டம் படித்து முடித்தால் மட்டும் வழக்கறிஞர் ஆகிவிட முடியாது. ஒரு சட்ட நிறுவனம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பயிற்சி இடம் கிடைக்காவிட்டால் படித்த படிப்பு அந்தரத்தில் தொங்கும். கயல் விண்ணப்பித்த இடங்களில் ஒன்றே ஒன்று மட்டும் இன்னும் நன்றி சொல்லாமல் இருந்தது. விடுமுறையில் அவள் வேலை பழகிய நிறுவனம் அது. அதன் பங்குதாரர்களில் ஒருவரான ரேவதி இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். கயலின் வேலையைப் பாராட்டியவர். அந்த ஒற்றை நம்பிக்கையில்தான் எங்கள் பொங்கோல் வட்டார வீடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கயல் சாப்பாட்டு மேசையில் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்துத்தான் நான் மிக்ஸி ஓட்டுவேன். மின்தூக்கியில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, "டாட்டர் ரெஸ்டிங் அட் ஹோம் ஆ? குட், குட்" என்று சிரிப்பார். இங்கே ஒரு போன் மணிக்குத் தவம் கிடக்கிறோம், அந்த அம்மாவுக்கு அது ஓய்வாகத் தெரிகிறது. நானும் எஸ், எஸ் என்று தலையாட்டி வைப்பேன்.

நானும் சட்டம் படித்தவள்தான். கல்யாணமாகி இங்கே வரும்வரை திருச்சி நீதிமன்றத்தில் ஜூனியராக இருந்தேன். என் பட்டம் இங்கே செல்லாது என்பதால், பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு அம்மா, ஆடு சொல்லிக் கொடுக்கிறேன். அந்தக் காலத்தில் நான் எங்கும் விண்ணப்பம் போட்டதில்லை. அப்பாவுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் எங்கள் சீனியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார். நல்ல நாள் பார்த்து, வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு அப்பா என்னை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். "உங்கள நம்பித்தான் விடுறேன், நீங்கதான் பாத்துக்கணும்" என்றார் அப்பா. சீனியர் என் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. "காபி சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். மறுநாளே அவர் அலுவலகத்தில் எனக்கு ஒரு நாற்காலி. நாங்கள் யாரும் அதைச் சிபாரிசு என்று நினைக்கவில்லை. பெரியவர்களிடம் போய்ச் சொல்வது மரியாதை. சொல்லாமல் இருந்தால்தான் தலைக்கனம் பிடித்தவர்கள் என்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் என் கணவர் சேகரும் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குப் போயிருந்தோம். மீன் கடைகளின் ஈரத் தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனபோது சேகர் என் முழங்கையை இடித்தார். "அங்க பாரு, நம்ம கயலோட மேடம்." கயல் காட்டிய படத்தில் கோட்டும் சூட்டுமாக இருந்த ரேவதி, செருப்பும் டீ-ஷர்ட்டுமாக பாத்தாங் மீன் வெட்டச் சொல்லி நின்றுகொண்டிருந்தார். நம் ஊர் வஞ்சிரத்துக்கு இங்கே அதுதான் பெயர். பார்த்துவிட்டுப் பேசாமல் போனால் என்ன நினைப்பார்? இரண்டு பேருக்கும் அதே எண்ணம்தான். முகமெல்லாம் சிரிப்பாகப் போய் நின்றோம்.

"வணக்கம் மேடம், நாங்க கயலோட அப்பா அம்மா."

"ஓ, ஹலோ அண்ணே! ஹலோ அக்கா! கயல் எப்படி இருக்காங்க?"

அவர் அவ்வளவு அன்பாகக் கேட்டதில் சேகர் உருகிவிட்டார். "உங்க ஆபீஸ் பதிலுக்குத்தான் காத்திருக்கா மேடம். நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். நானும் பக்கத்தில் நின்று கைகூப்பினேன். அதோடு விட்டிருக்கலாம். கடைக்காரர் மீன் பையை நீட்டியதும் சேகர் பாய்ந்து பணத்தை எடுத்து நீட்டினார். "நான் குடுக்கிறேன், நான் குடுக்கிறேன்." ரேவதியும் பணத்தை நீட்டினார். "யாராச்சும் ஒருத்தர் குடுங்க லா, பின்னாடி கியூ நிக்குது" என்ற கடைக்காரர், நெருக்கத்தில் இருந்த சேகரின் பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டார்.

ரேவதியின் முகத்திலிருந்த சிரிப்பு நின்றுவிட்டது. கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். பையை மெதுவாகச் சேகரின் கையில் வைத்தார். "அண்ணே, இத நீங்க எடுத்துக்குங்க. நான் வாங்க முடியாது. கயலுக்குத் தெரியுமா, நீங்க என்கிட்ட பேசப்போறது?"

"இல்லைங்க, உங்களப் பாத்தோம், பேசினோம், அவ்வளவுதான்" என்றேன் நான்.

"சாரி அக்கா. நான் இத ஆபீஸ்ல டிக்ளேர் பண்ணணும். கயல் அப்ளிகேஷன இனி நான் பாக்க முடியாது." சொல்லிவிட்டு வெறும் கையோடு கூட்டத்துக்குள் போய்விட்டார். நாங்கள் செய்தது என்ன? வணக்கம் சொன்னோம், மீனுக்குக் காசு கொடுத்தோம். திருச்சியில் எதிரெதிர் கட்சி வக்கீல்கள்கூட கேண்டீனில் ஒருவர் காபிக்கு மற்றவர் காசு கொடுக்கிற காட்சியைத் தினமும் பார்த்தவள் நான். "ஒரு மீனுக்கா இவ்வளவு?" என்று லிட்டில் இந்தியா ரயில் நிலையம் வரை சேகர் புலம்பிக்கொண்டே வந்தார். மகளுக்கு அந்த நிறுவனத்தில் இருந்த ஒரே துணையை நாங்களே எங்கள் கையால் விலக்கிவிட்டோம் என்பது வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கயலிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மீனைக் கழுவிக் குளிர்பெட்டியில் வைத்தேன்.

நாங்கள் சொல்லும்வரை அலுவலகம் காத்திருக்கவில்லை. மறுநாளே கயலுக்கு மின்னஞ்சல் வந்தது. உங்கள் பெற்றோர் எங்கள் பங்குதாரர் ஒருவரைச் சந்தித்ததாக அறிகிறோம், உங்களுக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பவும். அவள் அறையிலிருந்து வந்த வேகத்தில் நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். "மீன் வாங்கிக் குடுத்தீங்களா? ஒரு பார்ட்னருக்கு? மீனா?" அவளுக்கு அழுகையும் வரவில்லை, கத்தவும் வரவில்லை. சேகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அப்பா, ப்ளீஸ், இப்ப பேசாதீங்க. என்ன நடந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க." ஒன்று விடாமல் கேட்டாள். யார் முதலில் பேசியது, என்ன வார்த்தை, பணத்தை யார் வாங்கியது, மீன் இப்போது எங்கே. வீட்டுக் கூடத்தில், என் மகளின் குறுக்கு விசாரணையில், நாங்கள் இருவரும் சாட்சிகளாக நின்றோம்.

அனுப்புவதற்கு முன் பதிலை என்னிடம் காட்டினாள். என் பெற்றோர் எனக்குத் தெரியாமல் பங்குதாரரை அணுகினர், என்னைக் கவனித்துக்கொள்ளும்படி கேட்டனர், அவர் வாங்கிய மீனுக்குப் பணம் கொடுத்தனர், அவர் ஏற்கவில்லை. அவ்வளவுதான். நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று ஒரு வரி எங்காவது இருக்கும் என்று தேடினேன். இல்லை.

"எங்களுக்காக ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே கயல்?"

"அது என் ஒப்பீனியன்மா. அவங்க கேட்டது நடந்தத மட்டும்."

பெற்ற பெண்ணே எனக்கு எதிராக வாக்குமூலம் எழுதி என் கையிலேயே கொடுத்தது போல இருந்தது. ஆனால் எனக்குள் உட்கார்ந்திருந்த பழைய வழக்கறிஞரால் அதில் ஒரு சொல்லைக்கூட அடிக்க முடியவில்லை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எங்கள் சீனியர் பார்த்திருந்தால் இவளுக்குத்தான் முதல் நாற்காலியைக் கொடுத்திருப்பார். அந்த நேரத்திலும் அப்படித் தோன்றியது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. அனுப்பு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு நாட்கள் நகர்ந்த விதத்தை எழுதத் தெரியவில்லை. சேகர் தேக்கா பக்கமே போகவில்லை. வேறு இரண்டு பங்குதாரர்கள் கயலை நேர்காணலுக்கு அழைத்தார்கள். போய்விட்டு வந்தவளிடம் எப்படி நடந்தது என்று கேட்க நாங்கள் துணியவில்லை. மறுபடியும் போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. நன்றி வந்துவிடுமோ என்ற பயத்தில் அந்தச் சொல்லே எனக்கு அலர்ஜியாகிவிட்டது. கடைசியில் மின்னஞ்சல் வரவில்லை, அழைப்புதான் வந்தது. கயல் நின்றுகொண்டே கேட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பது எங்களுக்குப் புரியச் சற்று நேரமானது. சேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆபீஸுக்குக் கொஞ்சம் ஸ்வீட்..." என்று தொடங்கினார். நானும் கயலும் ஒரே குரலில் கத்திய கத்தலில் மனிதர் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

திருச்சிக்குப் போன் போட்டு என் அண்ணனிடம் சொன்னேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. "ரொம்ப சந்தோசம்மா! யாரு சொல்லிக் கெடச்சுது?"

"யாரும் சொல்லலண்ணே. அவளேதான் வாங்குனா."

அண்ணன் சிரித்தார். "சரி சரி, சொல்ல இஷ்டமில்லன்னா விடு. நம்ம பயலுக்கும் ஒரு எடம் பாக்கணும், அதான் கேட்டேன்."

"சத்தியமாண்ணே."

"நான் என்ன வேத்தாளா? மெதுவா சொல்லு" என்று தொடர்ந்தார்.

அறை வாசலில் கயல் வந்து நின்றாள். "மாமா என்னம்மா சொல்றாங்க?"

போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். "உன் தெறமைக்குத்தான் கெடச்சதுன்னு ரொம்பப் பெருமைப்படுறாருடி."

"மாமாவா? நெஜமாவா?" அவள் முகம் அப்படி மலர்ந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன், அவர் நம்பவில்லை. மகளிடம் பொய் சொன்னேன், அவள் நம்பிவிட்டாள். உள்ளங்கைக்குக் கீழே அண்ணன் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தார், யாரு, யாரு என்று.