அண்ணன் படகின் அனுமதி

அண்ணனின் படகுக்குச் சோதனைத் தேதி வந்தபோது, அவள் அந்தக் கோப்பைச் சக ஆய்வாளரின் மேசைக்குத் தள்ளிவிட்டிருக்கலாம். சொந்தக்காரர் படகு என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அந்த ஆய்வாளர் படகில் ஏறாமல் கரையில் நின்றபடியே கையெழுத்துப் போடுகிறவர். மேலதிகாரியிடம் போய் உறவைச் சொன்னாள்.

"தெரியும்மா. நீ பார்த்ததை எழுதிக் குடு. முடிவை நான் எடுக்கறேன்" என்றார் அவர்.

அறுபது பேரை அக்கரைக்கு ஏற்றிப்போகும் பழைய இரும்புப் படகு அது. அதில் டிக்கெட் கிழித்துக் கிழித்துத்தான் அண்ணன் அவளை இன்ஜினியரிங் படிக்க வைத்தான். அவள் வேலையில் சேர்ந்த பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. டிக்கெட் எடுக்காமல் நழுவுகிறவனைக்கூட, "இருடா, என் தங்கச்சிகிட்டச் சொல்றேன்" என்றுதான் மிரட்டுவான்.

இன்ஜினுக்கு அடியில் ஊர்ந்துபோய்ச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் ஓசை செத்துப்போயிருந்தது. பெயின்டைச் சுரண்டினால் உள்ளே சிமென்ட். போன தடவை மாற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த அதே தகடு.

"மாத்திட்டேன்னு எழுதிக் குடுத்தியே அண்ணா?"

"மாத்தணும்னா படகைக் கரையேத்தணும். ரெண்டு மாசம் ஓட்டமில்ல. பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு பார்த்தேன்." குரலைத் தாழ்த்தினான். "பள்ளிக்கூடம் லீவு விடற வரைக்கும் ஓட்டிக்கறேன் குட்டி. நீ பார்க்காத மாதிரி இருந்துடு."

"பள்ளிக்கூடப் பிள்ளைங்கதானே அண்ணா இதுல ஏறுதுங்க."



மூன்றாம் வாரம் அனுமதி ரத்தாயிற்று. பியூன் ஆணையை எடுத்துக்கொண்டு கிளம்ப, அவளே அதை வாங்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள். அண்ணன் உறையைப் பிரிக்கவில்லை.

"ரிப்போர்ட் யாரு எழுதினது?"

"நான்தான்."

"சரிங்க மேடம்" என்றான்.

பிறந்ததிலிருந்து அவளிடம் அவன் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை. பஸ் நிறுத்தம் வரை அடக்கிக்கொண்டு வந்தவள், அங்கே முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

அண்ணன் ஒரு துணிக்கடையில் வாசல் காவலாளி ஆனான். மகளின் கல்யாணப் பத்திரிகை அவள் வீட்டுக்கு வரவில்லை. படகையும் உடைக்க விற்றுவிட்டான் என்று காதில் விழுந்தது. சில வாரம் கழித்து அண்ணி அலுவலகத்துக்கே வந்தாள்.

"உடைக்கறப்ப இவரும் போய் நின்னாரும்மா. அந்தத் தகடை ஒருத்தன் காலால உதைச்சான், பொலபொலன்னு உதிர்ந்துடுச்சு. ரெண்டு நாள் இவர் சோறு திங்கல."

"அப்புறமும் ஏன் அண்ணி பேச மாட்டேங்கறாரு?"

"முன்ன கோபம். இப்ப உன் முகத்துல முழிக்கவே கூசுது அவருக்கு."

மறுநாள் காலை அவள் லீவு சொல்லிவிட்டுத் துணிக்கடைக்குப் போனாள். சீருடையில் நின்ற அண்ணன் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு, வருகிற எல்லோருக்கும் வைப்பதுபோல அவளுக்கும் ஒரு சல்யூட் வைத்தான். பார்வை தரையிலேயே கிடந்தது. "அண்ணா" என்றாள். பின்னாலிருந்து ஆட்கள் நெருக்கவே, உள்ளே நகர வேண்டியதாயிற்று. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவள் திரும்பி வந்தபோது கதவருகே வேறோர் ஆள் நின்றிருந்தான்.

"அவரு சாப்பிடப் போயிட்டாரும்மா" என்றான்.

மணி அப்போது பத்தரைதான்.