பரிசுப் பதிவேட்டில் ஒன்பது எலுமிச்சம்பழம்

எங்க ஆபீஸ்ல அவளுக்குக் கறாரம்மான்னு பேரு. வச்சதே நான்தான். நகராட்சி குடிநீர்ப் பிரிவுல புது இணைப்பு மனு வாங்குற சீட் அவளுது, பக்கத்து சீட் என்னுது. புருஷன் முதுகெலும்பு அடிபட்டு வீட்டோட கிடக்கிறான். ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க. இவ சம்பளத்துலதான் அடுப்பு எரியணும். வேலை நிரந்தரமாக இன்னும் மூணே மாசம். இப்படிப்பட்டவ வாயைப் பொத்திக்கிட்டு இருக்க வேண்டாமா? அதான் இல்ல!

எங்க பிரிவுல ஒரு வழக்கம். மனு போட வர்றவங்க எது கொண்டாந்தாலும் கையில வாங்க மாட்டோம். பீரோவுக்குப் பின்னாடி ஒரு மேசை, அதுல வச்சிட்டுப் போகச் சொல்வோம். யார் கையிலயும் குடுக்கலையே, அப்புறம் அது எப்படிப் பரிசாகும்? சாயங்காலம் ஆளுக்கொண்ணு எடுத்துக்குவோம். வாங்கவே கூடாது, மறுக்க முடியாம வாங்கினா பதிவேட்டுல எழுதி சாட்சி கையெழுத்து வாங்கணும்னு விதி இருக்கு. பதிவேடும் இருந்தது, பதினோரு வருஷமா மடிப்புக் கலையாம.

கறாரம்மா வந்த ரெண்டாவது வாரமே அதைத் தூசி தட்டிட்டா. யார் வச்சது, மனு எண் என்ன, யார் வீட்டுக்குப் போச்சு, எல்லாம் எழுதினா. "ஃபேன் ஒண்ணு, குழாய் கான்ட்ராக்டர் வச்சது, ஆபீசர் எடுத்தார்." "சிவப்புக் கைப்பை ஒண்ணு, பக்கத்து சீட் அக்கா எடுத்தாங்க."

எனக்கு ரத்தம் கொதிச்சுது. "அடிப்பாவி, என் பையையுமா?"

"எடுத்தீங்களா இல்லையா அக்கா?"

சாட்சிக் கட்டம் மட்டும் எல்லாப் பக்கத்துலயும் காலியா இருந்தது. எவன் போடுவான்?

அப்பதான் அந்த எலுமிச்சம்பழம் வந்துது. இணைப்புக்கு நாலு வருஷம் அலைஞ்ச தையல்காரம்மா ஒருத்தங்க. காணாமப் போன அவங்க ஃபைலை கறாரம்மா தேடி எடுத்து, வீட்டுக்குத் தண்ணி வந்துடுச்சு. வேண்டாம் வேண்டாம்னு இவ கத்தக் கத்த, வீட்டு மரத்துப் பழத்தை மேசையில கொட்டிட்டு ஓடிட்டாங்க. மறுநாளே, கறாரம்மா லஞ்சமாப் பழம் வாங்கிட்டான்னு மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசி. எழுதினது ஆபீசர்னு ஆபீஸ் சுவருக்கே தெரியும்.

விசாரணை அன்னிக்குக் காலையில என் எதிர்லயே ஆபீசர் பேரம் பேசினார். "அந்தப் பக்கத்தையெல்லாம் கிழிச்சுடும்மா. பழ விஷயத்தை நான் பேசி முடிச்சுடறேன்."

"பழத்துக்கு என்ன தண்டனையோ குடுங்க சார். பக்கத்தைக் கிழிக்க மாட்டேன்."

அடி என் தைரியசாலி!

விசாரிக்க வந்த மேடம் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கிட்டு, "பழம் வாங்கினீங்களா?"ன்னாங்க.

"ஆமா மேடம், ஒன்பது. ரெண்டைப் பிழிஞ்சு எல்லாரும் குடிச்சோம், ஆபீசர் சாரும்தான். ஏழு பீரோவுல இருக்கு. பதினாலாம் பக்கம் பாருங்க."

மேடம் பதினாலைப் பார்த்துட்டு பதிமூணைப் பார்த்தாங்க, பன்னெண்டைப் பார்த்தாங்க. ஆபீசருக்கு வேர்த்துக் கொட்டிச்சு. "சாட்சி கையெழுத்தே இல்ல மேடம், இது செல்லாது. இந்தம்மா வீட்டுல உக்காந்து எழுதியிருக்கும்."

மேடம் யோசிச்சாங்க. "சாட்சி இல்லன்னா பழமும் பதிவாகலைன்னுதானேம்மா ஆகும்? வேலை போயிடும்."

கறாரம்மா கண்ணு கலங்கிடுச்சு. அப்பவும் தலை குனியல. அதைப் பார்த்தப்ப எனக்கு என் மேலயே அப்படி ஒரு ஆத்திரம். ஃபேன் போனதை, ஃபிளாஸ்க் போனதை, எல்லாத்தையும் பார்த்தவ நான்தானே?

"நான் சாட்சி"ன்னு பேனாவை எடுத்தேன்.

"உங்களுக்கு ரிட்டயராக ரெண்டு வருஷம்தான் இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க"ன்னார் ஆபீசர்.

"அது என் பாடு சார்."

அன்னிக்குத் தேதியையே போட்டு ஒவ்வொரு பக்கமா கையெழுத்துப் போட்டேன். சிவப்புக் கைப்பை வந்துது. அதுலயும் போடப் போனேன். கறாரம்மா என் கையைப் பிடிச்சுட்டா.

"அக்கா, இதுல நீங்க போடக் கூடாது. எடுத்தவங்களே சாட்சியாக முடியாது."

எவ்வளவு கொழுப்பு பாருங்க! அவ வேலையைக் காப்பாத்த வந்த எனக்கே விதி சொல்றா.

பதிவேட்டை அப்படியே ஆபீசர் பக்கம் திருப்பி வச்சா. "அக்கா பையை எடுத்தப்ப நீங்க பக்கத்துலதானே சார் இருந்தீங்க? கையில ஃபேன் கூட வச்சிருந்தீங்களே."

மேடம் தன்னோட பேனா மூடியைக் கழட்டி ஆபீசர்கிட்ட நீட்டினாங்க.