கீழே வைக்க முடியாத புத்தகம்

பத்து வயதாகியும் என் பையன் ஒரு கதைப் புத்தகத்தைக்கூட முடித்ததில்லை. இன்று லஸ் முனை நடைபாதைப் பழைய புத்தகக் கடைக்காரரிடம் புலம்பினேன்.

"இத்த எடுத்துக்கினு போ சார். கப்பல், கொள்ளைக்காரன், கத்திச் சண்டை எல்லாம் கீது. பையன் கீழ வெக்க மாட்டான்."

யாரோ வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதை.

அவர் சொன்னது பலித்தது. பையன் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. பெருமை தாங்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கப்பல் எதுவரைக்கும் போயிருக்குடா?"

"எந்தக் கப்பல்? கதைத் தாளோட பின்பக்கத்துல ஜாங்கிரி பண்றது எப்படின்னு போட்டிருக்குப்பா. பாகு பதம் வந்ததும்னு இருக்கு, அதோட பக்கம் முடிஞ்சுபோச்சு. அப்புறம் என்ன பண்ணணும்?"

எனக்குக் காப்பிகூடப் போடத் தெரியாது. அவன் அம்மாவோ ரேஷன் சர்க்கரை டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டாள்.

அடுத்த பக்கம் உங்களில் யார் வீட்டிலாவது இருக்கிறதா?