வடை மடித்துக் கொடுத்த புத்தகம்

கள்ளக்குறிச்சி கல்லூரி ஒன்றில் தமிழ் இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், டவுன் பஸ் நிற்கிற டீக்கடைதோறும் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம் வைத்தார். கச்சிராயபாளையத்தில் என் கடையிலும் வைத்தார். பெயர் எழுத வேண்டாம், கையெழுத்து வேண்டாம். எடுத்துப் படித்துவிட்டுத் திரும்பப் போட்டால் சரி. எனக்கு எரிச்சல்தான். இருப்பதே இரண்டு பெஞ்சு. ஒரு டீயை வைத்துக்கொண்டு நாற்பது பக்கம் படித்தால் அடுத்தவன் எங்கே உட்காருவான்? ஆனாலும் மனிதரைப் பிடிக்கும். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள், கரும்பு வெட்டப் போகிற பெண்கள் என்று யாரையும் விடமாட்டார். “இத எடுத்துக்கினு போம்மா” என்று கையில் திணித்துவிடுவார்.

ஒரு சந்தை நாள். கூட்டம் நெட்டித் தள்ளியது. வடை மடிக்கப் பேப்பர் தீர்ந்துபோனது. பெட்டியில் மேலாக, அட்டையே இல்லாமல் பழுப்பேறிய புத்தகம் ஒன்று கிடந்தது. இதை எவன் படிக்கப்போகிறான் என்று கிழிக்க ஆரம்பித்தேன். சாயங்காலத்துக்குள் ஒரே ஒரு தாள்தான் மிச்சம். அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். அவசரத்தில் அந்தக் கடைசித் தாளில் அவருக்கே மடித்துக் கொடுத்துத் தொலைத்தேன்.

வடையைத் தின்றார். எண்ணெய்த் தாளைப் பிரித்துப் படித்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே ஆறியிருக்கும். அடுத்த வாரம் வேறு புத்தகங்களோடு வந்தார். கூடவே ஒரு கட்டுப் பழைய பேப்பரும் கொண்டுவந்து வைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவருக்குக் கோபமே வராதா, இல்லை, என்னைத் திட்டக்கூட லாயக்கில்லாதவன் என்று நினைத்துவிட்டாரா? இரண்டு வருஷம் இதையே போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். கேட்க வாய் வரவில்லை.

போன மாதம் அவர் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அவர் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“டீக்கடைக்காரரு நீங்கதானே தம்பி? எங்கப்பா எனக்கு வாங்கித் தந்த பொஸ்தகத்த இவரு உங்க பெட்டியில தெரியாம போட்டுட்டாரு. எப்பக் கேட்டாலும், ‘அவரு படிச்சிக்கினு இருக்காரு, அவசரப்படுத்தாத’ன்னுதான் சொல்லுவாரு. முடிச்சிட்டீங்களா?”

உண்மையைச் சொன்னால் போனவரைப் பொய்யராக்குவேன். சொல்லாவிட்டால் நான் பொய்யன். எது பெரிய பாவம் என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“இன்னும் கொஞ்சம் இருக்குதுங்கம்மா.”

“மெதுவாவே படிங்க. திருப்பித் தர வேணாம். எனக்குக் கண்ணு செரியா தெரியல. முடிச்சதும் வந்து கதைய மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

அன்றிலிருந்து விழுப்புரம், சேலம் என்று பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்குகிறேன். என்ன புத்தகம் என்று கேட்கிறார்கள். பெயர் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இல்லை. இன்னொருவரிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பேன்?