நெற்றியில் ஒரு பச்சைப் புள்ளி

ஆராய்ச்சிக்கூடத்தில் குரங்குக் கூண்டுகளைக் கழுவுகிற வேலை அவளுக்கு. டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் கூண்டக்கா. வாய் ஓயாது. "மூஞ்சியக் கழுவுடா சோம்பேறி!" என்று அவள் குரங்கைத் திட்டினால், பக்கத்து அறை டாக்டர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வருவார் என்று கேலி பேசுவார்கள்.

அங்கே நடந்த சோதனை இதுதான். குரங்கைத் தூங்கவைத்து, அதன் புருவத்துக்கு மேல் பச்சைச் சாயத்தைத் தொட்டு வைப்பார்கள். விழித்ததும் எதிரே கண்ணாடி. தன்னைத் தெரிந்தால் கை நெற்றிக்குப் போகும். எங்கே போயிற்று! பல்லைக் காட்டி உறுமும். கண்ணாடிக்குப் பின்னால் கைவிட்டு ஆளைத் தேடும். ஆனால் அக்கா வாழைப்பழத்தோடு பின்னால் வந்து நின்றால் போதும், கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சட்டென்று அவள் பக்கம் திரும்பும்.

"என்னைத் தெரியுது, உன்னையே உனக்குத் தெரியலையாடா?" என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பும் வீட்டுக்காரரால் நின்றுபோனது. பாதி ஆயுசு பஸ் ஓட்டிய மனிதர். கொஞ்ச நாளாகக் குளியலறைக் கண்ணாடியிடம் மெதுவாக, மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார். அவள் எட்டிப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்.

அவர் முகமே அவருக்கு அந்நியமாகிவிட்டதோ? யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. ஒரு மத்தியானம் அவர் கண்ணயர்ந்திருந்தபோது, வேலையிடத்திலிருந்து டப்பாவில் கொண்டுவந்த சாயத்தை விரலில் தொட்டு அவர் நெற்றியில் வைத்தாள். கட்டின புருஷனைப் போய்க் குரங்காக்கிவிட்டோமே என்று அழுகை முட்டியது.

எழுந்தவர் முகம் கழுவப் போனார். அவள் பின்னாலேயே போய் நின்றாள். கண்ணாடியை உற்றுப் பார்த்தபடி அசையாமல் நின்றார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு கை மெல்ல எழுந்து நெற்றிக்குப் போயிற்று. சாயத்தைத் துடைத்தார்.

அப்பாடா! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனுஷனுக்குத் தன்னைத் தெரிகிறது. அது போதும், வேறென்ன வேண்டும்!

கண்ணாடியில் அவர் பார்வை மெல்ல நகர்ந்து அவள் முகத்தில் நின்றது. சட்டென்று திரும்பினார். அவசரமாகச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

"நீங்க யாரும்மா? எப்பப் பார்த்தாலும் என் பின்னாடியே வந்து நிக்கிறீங்க. எப்படிக் கேக்கிறதுன்னு கண்ணாடிகிட்டயே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்." குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "என் வீட்டுக்காரி வேலைக்குப் போயிருக்கா. இப்ப வந்துடுவா."

"வரட்டுங்க," என்றாள் அவள்.