நாலாம் மிஷினின் பைபாஸ்

கோப்பு கண் முன்னாலேயே இருந்தது. பட்டியலில் அதன் பெயர் தெரிந்தது, அளவு தெரிந்தது. ஓடு என்று சொன்னால் மட்டும் அந்தச் சின்ன கம்ப்யூட்டர் போர்டு, அப்படியொரு கோப்பே இல்லை என்று பதில் சொன்னது. புதன்கிழமை காலையிலிருந்து அதே பதில்தான். மண்ணரையில், பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் ஷெட்டின் மூலையில், காலி நூல் பெட்டிகளை அடுக்கி மேசையாக்கி, பழைய லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மிஷின்கள் சுற்றும் சத்தத்தில் நான் திட்டியது யாருக்கும் கேட்கவில்லை.

நான் டிப்ளமோவை இரண்டாம் வருஷத்தில் விட்டவன். வீடு குன்னத்தூர்ப் பக்கம். சோமனூரில் தறி ஓட்டினேன். ஒரு சாயப்பட்டறையில் ஏழு மாதம் இருந்தேன். கைத்தோல் உரிந்தது, துணி மூட்டை மேல் தூங்கினேன், அவ்வளவுதான். ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் கொஞ்ச காலம். செத்துப்போன போனை லேப்டாப்பில் மாட்டி, புது சாஃப்ட்வேரை உள்ளே எழுதி எழுப்புவதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். அதை ஃப்ளாஷ் அடிப்பது என்போம். எந்த இடத்திலும் ஒரு வருஷம் நிறைந்ததில்லை. யாரும் துரத்தியதும் இல்லை. ஒரு வேலை பிடிபடாமல் நாலு நாள் இழுத்தால் போதும், பையில் சட்டைகளைத் திணிக்க ஆரம்பித்துவிடுவேன்.

அந்த ஷெட்டை நடத்தியவர் ஐம்பது வயதுள்ள ஒரு அக்கா. கணவர் போனபின் தானே நின்று நடத்துகிறார். மிஷின்களின் கரண்ட் வேலைகளைப் பார்க்க என்னைச் சேர்த்திருந்தார். ஒவ்வொரு மிஷினிலும் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கும். அதற்குள் ஒரு லினக்ஸ் போர்டு, தீப்பெட்டி இரண்டைச் சேர்த்துவைத்த அளவு. மிஷின் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணும். நூல் அறுந்தால் மிஷினை நிறுத்தும். பெட்டியின் பக்கவாட்டில் பைபாஸ் என்று ஒரு மஞ்சள் பட்டன். அதை அமுக்கினால் அந்தத் துணி ரோல் முடிந்து இறங்கும்வரை நூல் அறுந்தாலும் மிஷின் நிற்காது. துணியில் ஓட்டை விழும். நூல் மாட்டி ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் பயன்படுத்த வைத்தது. ஆனால் அடிக்கடி நிற்கிற மிஷினில் வேகமாக ரோல் இறக்க ஆப்பரேட்டர்கள் அதைத் திருட்டுத்தனமாக அமுக்குவதும் உண்டு. எத்தனை முறை அமுக்கினார்கள் என்று பெட்டி ஒரு எண்ணைக் காட்டும்.

நாலாம் மிஷினின் துணி சாயப்பட்டறையிலிருந்து ஓட்டையோடு திரும்பி வந்துகொண்டிருந்தது. நாலாம் பெட்டி, ஷிப்டுக்கு எட்டு பைபாஸ், ஒன்பது பைபாஸ் என்று காட்டியது.

அந்த மிஷினை ஓட்டியவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நாற்பது தாண்டியவர். ஷெட்டில் எல்லோருக்கும் அண்ணாச்சி. ஷெட்டுக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் மனைவியோடும் மகளோடும் இருந்தார். மகள் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. வேலை போனால் அந்த அறையும் போகும். பரீட்சை நேரத்தில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு எங்கே போவார் என்பதுதான் கேள்வி.

திங்கட்கிழமை அக்கா அவரையும் என்னையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். அக்கா யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

“நான் என்னங்க பண்றது. பொட்டி சொல்லுதுங்க. சனிக்கெழம மத்தியானம் வரைக்கும் பாக்கறனுங்க. அதுக்கு மேல நீங்க வேற எடம் பாத்துக்கோங்க.”

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அண்ணாச்சி தரையைப் பார்த்தபடி சொன்னார்: “சத்தியம் பண்ணக் கூடாதுன்னு வேதத்துல போட்டிருக்கு. அதனால பண்ணல. ஆனா நா அதத் தொடலம்மா.”

அக்கா என் பக்கம் திரும்பினார். பெட்டியைச் செய்து கொடுத்த கோயம்புத்தூர்க்காரர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். போகும்போது பெட்டியின் நிரலைப் போட்டுக் கொடுத்த பென்டிரைவ் மட்டும் இருந்தது. பழைய நிரல் பைபாஸ்களின் எண்ணிக்கையை மட்டும்தான் வைத்திருந்தது. எந்த நேரத்தில் விழுந்தது என்று தெரியாது. ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதும்படி மாற்றினால் உண்மை தெரியும் என்று சொன்னேன். வாய் முந்திக்கொண்டது. போனை ஃப்ளாஷ் அடிக்கத்தான் எனக்குத் தெரியும். ஒரு நிரலைத் திருத்தி, வேறொரு போர்டுக்காகக் கம்பைல் செய்ததே, அதாவது அந்தப் போர்டு ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றியதே இல்லை.

போர்டில் கம்பைல் செய்ய அதற்கு மெமரி போதாது. லேப்டாப்பில்தான் செய்ய வேண்டும். ஆனால் லேப்டாப்பின் சிப் வேறு, போர்டின் சிப் வேறு. அண்ணாச்சி என்ன வேலை இது என்று கேட்டபோது, இந்த ஊரில் தைக்கிற பனியன் எவனோ வெளிநாட்டுக்காரன் உடம்புக்குத் தைப்பதுதானே, அந்த மாதிரி என்றேன். அவன் நம் முன்னால் வந்து நிற்கமாட்டான். சைஸ் சார்ட் மட்டும் வரும். செவ்வாய்க்கிழமை முழுக்க என்னிடம் சைஸ் சார்ட்டே தப்பு. லேப்டாப்புக்கே தைத்துவிட்டு, போர்டுக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்டு அதைத் தொடக்கூட மறுத்தது. புதன்கிழமை சரியான கம்பைலரைத் தேடி இறக்கினேன். அப்போதுதான் அந்த, கோப்பே இல்லை என்கிற பதில் ஆரம்பித்தது.

அன்று மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவினாசியில் இறங்கி ஒரு டீ குடித்தேன். அடுத்து எந்தப் பஸ் என்று யோசித்தபோது எதுவும் தோன்றவில்லை. வந்த வழியே திரும்பினேன். நான் போனதை யாரும் கவனித்திருக்கவில்லை. அண்ணாச்சி மட்டும் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு, தோளுக்கு மேலாக ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார்.

“அங்கனதான இருக்கு. பின்ன ஏன் இல்லங்கு?”

அதுதான் எனக்கும் தெரியவில்லை என்றேன். அவர் சிரித்தார். “எம் மவள ஸ்கூல்ல சேக்கப் போனப்ப இப்பிடித்தான் தம்பி. நா முன்னால நிக்கேன். ஆள் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாவ. எனக்காக இங்க கையெழுத்துப் போடுத ஆள் இல்லங்கதத்தான் அப்பிடிச் சொன்னாவ.”

அவர் வேடிக்கையாகச் சொல்லிவிட்டு மிஷினுக்குப் போய்விட்டார். நான் எரிச்சலோடு அந்தக் கோப்பின் உள்விவரத்தைத் திறந்து பார்த்தேன். நிரல் தானாக ஓடாது. போர்டில் இருக்கும் இன்னொரு சின்ன நிரல்தான் அதை மெமரியில் ஏற்றிவிட வேண்டும். என் கம்பைலர் அந்த ஏற்றிவிடும் நிரலை ஒரு பெயரில் தேடியது. போர்டில் அது வேறு பெயரில் இருந்தது. இல்லை என்று போர்டு சொன்னது அதைப் பற்றி. என் கோப்பைப் பற்றியல்ல. தேவையானதையெல்லாம் உள்ளேயே வைத்து மறுபடி கம்பைல் செய்தேன். ஓடியது. எழுந்து ஷெட்டை இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை அதைப் போர்டில் நிரந்தரமாக எழுத உட்கார்ந்தேன். நாலாம் மிஷினின் பெட்டி மூடியைக் கழற்றி, கேபிள் மாட்டி, ஃப்ளாஷ் அடிக்க ஆரம்பித்தேன். பாதியில் கரண்ட் போகக் கூடாது. அது மட்டும்தான் விதி. நாற்பது சதவீதம் தாண்டியிருக்கும். பின்னாலிருந்து புஸ்ஸென்று காற்று. ஸ்கிரீன் அப்படியே நின்றது, போர்டின் விளக்கு அணைந்தது.

நிட்டிங் ஷெட்டில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். ஊசி மேல் படியும், தலையில் படியும். ஏர் பைப்பை எடுத்து அதை ஊதித் தள்ளுவதை ஏர் அடிப்பது என்பார்கள். மற்றவர்கள் ஷிப்டுக்கு ஒருமுறை, நினைவு வந்தால் இரண்டுமுறை அடிப்பார்கள். அண்ணாச்சி மணி தவறாமல் அடிப்பவர். ஷெட்டிலேயே சுத்தமான மிஷின் அவருடையது. என் பெட்டி திறந்திருந்ததைப் பார்த்து, உள்ளே பஞ்சு போயிருக்குமே என்று எனக்கு உதவியாக அதற்கும் சேர்த்து அடித்திருக்கிறார். பவர் பின் கழன்றுவிட்டது.

நான் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவன். அத்தனை பேர் முன்னால் கத்தினேன்: “அறிவில்லீங்களா உங்களுக்கு? இனி இந்த மிஷின் பக்கம் ஏர் பைப்பத் தூக்கக் கூடாது.”

“சரி தம்பி” என்றார். பைப்பை ஆணியில் மாட்டிவிட்டு, தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

மெமரி கார்டில் ஒரு சின்ன லினக்ஸை ஏற்றி, அதிலிருந்து போர்டை எழுப்பி, மறுபடி முதலிலிருந்து எழுதி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. புது நிரல் ஓடியது. பட்டனை நானே அமுக்கிப் பார்த்தேன். நேரத்தோடு ஒரு வரி விழுந்தது.

வெள்ளிக்கிழமை ஷிப்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பைபாஸ்கூட விழவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆறு மணிக்கு அக்கா வந்து ஸ்கிரீனைப் பார்த்ததும் அது போய்விட்டது.

“பாத்தீங்களா தம்பி. நீங்க பக்கத்துல உக்காந்ததும் நின்னுபோச்சு. இதுக்கு மேல என்னங்க வேணும்?”

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. நேற்றுவரை நான் அண்ணாச்சியை நம்பினேன். அந்த நிமிஷம் நம்பவில்லை. அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். குவார்ட்டர்ஸுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து பாத்திரம் கட்டும் சத்தம் கேட்டது. நான் அந்தப் பக்கம் போனபோது அவர் மனைவி கிரைண்டரைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டிருந்தார். மகள் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியில் எதையாவது வைக்க வந்தால் எழுந்து நிற்பாள். மூடியதும் மறுபடி உட்காருவாள்.

நானும் பையை எடுத்தேன். ஒருவர் குற்றவாளி என்று என்னால் முடிவாகிவிட்ட இடத்தில் அதற்கு மேல் இருக்க முடியவில்லை. மெயின் ரோட்டுக்கு நடந்தேன். வழியில் இன்னொரு ஷெட்டில் ஷிப்டு முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் ஏர் பைப்பை வைத்துக்கொண்டு ஒரு வடக்கத்திப் பையன் இன்னொருவனின் சட்டையில் அடித்தான். பஞ்சு புகைபோலப் பறந்தது. காற்றின் வேகத்தில் அவன் சட்டைப் பையிலிருந்த ஹெட்போன் ஒயர் போனிலிருந்து கழன்று தொங்கியது. அவன் ஹிந்தியில் ஏதோ திட்ட, எல்லோரும் சிரித்தார்கள்.

நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் பைக்கில் வந்தவர் ஹாரன் அடித்தார்.

வெள்ளிக்கிழமை முழுக்க நாலாம் மிஷினில் யாரும் ஏர் அடிக்கவில்லை. அடிக்கக் கூடாது என்று சொன்னவன் நான்.

சனிக்கிழமை காலை அக்கா வருவதற்காக ஷெட் வாசலில் காத்திருந்தேன். ஒரு நிமிஷம் வாங்கக்கா என்று நாலாம் மிஷினுக்குக் கூட்டிப்போனேன். அண்ணாச்சியை அவர் நின்ற இடத்திலேயே, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். ஏர் பைப்பை அக்காவின் கையில் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, பெட்டியின் மேல் ஒரு அடி அடித்தார்.

ஸ்கிரீனில் ஒரு வரி விழுந்தது. பைபாஸ். நேரம் ஒன்பது நாலு.

அக்கா ஸ்கிரீனையும் கையிலிருந்த பைப்பையும் பார்த்தார். இன்னொரு அடி. இன்னொரு வரி.

“ஏனுங் தம்பி, இப்ப நாந்தான் அமுக்குனனுங்களா?”

“ஆமாங்க்கா. காத்துல அமுக்குனீங்க.”

பட்டனிலிருந்து போர்டுக்கு வரும் ஒயரின் பின் தளர்ந்திருந்தது. காற்று பட்டு ஒயர் ஒரு நொடி விட்டுப்போனால், பட்டனை அமுக்கியதாகவே போர்டு எடுத்துக்கொள்ளும். நிரலை எழுதியவர் அப்படித்தான் எழுதியிருந்தார். மற்ற மிஷின்களில் பின் இறுக்கம், ஏர் அடிப்பதும் குறைவு. அண்ணாச்சி மணிக்கொருமுறை சுத்தம் செய்து, மணிக்கொருமுறை தன் பெயரில் ஒரு குற்றத்தைப் பதிவு செய்துகொண்டிருந்திருக்கிறார். அந்த ரோலில் ஓட்டையும் விழுந்திருக்கிறது.

இதையெல்லாம் நான் விளக்கியபோது அக்கா பாதிதான் கேட்டார். பைப்பை ஆணியில் மாட்டினார். அண்ணாச்சியைப் பார்த்து, “மூட்டையெல்லாம் கட்டிட்டீங்களா?” என்றார்.

“கட்டியாச்சும்மா.”

“அவுத்துருங்க” என்றார். போகிற வழியில் நின்று, “கண்ணு பரீட்சைக்குப் படிக்கறாளுங்களா?” என்று கேட்டார். படிக்கிறாள் என்றதும் தலையாட்டிவிட்டு ஆபீசுக்குப் போனார். அவர் மன்னிப்புக் கேட்டது அவ்வளவுதான். நான் அதைக்கூடக் கேட்கவில்லை.

நிரலில் அந்த இடத்தைத் திருத்தி, பன்னிரண்டு பெட்டிக்கும் ஃப்ளாஷ் அடிக்கவும், பின்களைப் பசை வைத்து இறுக்கவும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. நான் மூலையில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அண்ணாச்சி மணிக்கொருமுறை பைப்பைக் கையில் பிடித்தபடி தூரத்திலிருந்தே கேட்பார்: “தம்பி, அடிச்சிக்கிடட்டுமா?” இனிக் கேட்க வேண்டாம், தாராளமாக அடியுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். சரி என்பார். அடுத்த மணிக்கு மறுபடி கேட்பார். கிண்டலுக்குக் கேட்கிறாரா, பயந்து கேட்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்தக் கேள்வி வரும் நேரம் நெருங்கினால் என்னால் உட்கார முடியாது. எழுந்து வெளியே போய் நிற்பேன்.

அவர் மகள் கடைசிப் பரீட்சை எழுதிய வாரத்தில் நானும் கிளம்பினேன். பல்லடம் பக்கம் ஒரு வேலை. அக்காவிடம் சொல்லிவிட்டு, பையோடு மிஷின்களைத் தாண்டி வாசலுக்கு வந்தேன். அண்ணாச்சி பைப்பை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

“திரும்புங்க” என்றார்.

திரும்பினேன். முதுகில், தோளில், பையில், கடைசியாகத் தலையில் அடித்தார். இந்தமுறை என்னைக் கேட்கவில்லை.